ஓடலாமா, கூடாதா?

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேரவைச் செயலாளர் மூன்று முறை வகுப்பு வாசலில் வந்து நின்றுவிட்டார். "எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது. கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே ஒரு கட்டு சேர்ந்துவிட்டது" என்றார். நான் எடுத்துக்கொண்ட பொருள், உடம்பு இளைப்பது. நண்பர்கள் சிரிக்க வேண்டாம். நம் விடுதியில் பாதிப் பேர் இளைக்க வேண்டும் என்கிறார்கள், மீதிப் பேர் தேற வேண்டும் என்கிறார்கள். இருப்பது போதும் என்று சொல்கிறவனை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே இந்தப் பேச்சு எல்லோருக்கும் உரியதுதான்.

என் அறைத் தோழன் ஒருவன். பெயர் வேண்டாம். விடுதியில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை இங்கே எழுதினால் இந்த மலராலேயே என்னை அடிப்பான். வயது 20, உயரம் 170 செ.மீ., எடை 92 கிலோ. அப்பா இல்லை. அம்மா தையல் மிஷினில் குடும்பத்தை ஓட்டுகிறார். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரே ஆசை, காக்கிச் சட்டை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு முடிந்ததும் ஆண்களுக்கு 1,500 மீட்டர் ஓட்டம் உண்டு. 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு கயிறு ஏறுதல், தாண்டுதல் எல்லாம் இருக்கிறது. பாடத்தில் அவன் கெட்டி. மைதானத்தில் இரண்டாவது சுற்றிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான்.

"எடை குறைஞ்சா தானா ஓடிடுவேன்டா" என்பது அவன் கணக்கு. டவுனில் உள்ள ஓர் எடைக் குறைப்பு நிலையத்தில் போய்ச் சேர்ந்தான். 40 நாள், 15 கிலோ, 18 ஆயிரம் ரூபாய். அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போனது. தினமும் ஒரு ஹார்மோன் ஊசி, கூடவே ஒரு சாப்பாட்டுச் சீட்டு. காலையில் சர்க்கரை இல்லாத காப்பி. மதியம் 100 கிராம் கொழுப்பில்லாத கோழிக்கறி, ஒரு கீரை, ஒரு ஆப்பிள், ஒரு ரஸ்க். ராத்திரியும் அதேதான். எண்ணெய் ஒரு சொட்டுக் கூடாது. மொத்தம் 500 கலோரி. சீட்டின் அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: இந்த 40 நாளும் ஓட்டம், ஜிம், விளையாட்டு கூடாது.

அந்தச் சீட்டை என் முன்னால் விரித்து வைத்து அவன் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "இளைக்கணும்னா ஓடக் கூடாதாம். வேலை கிடைக்கணும்னா ஓடியே ஆகணும். நீயே சொல்லு மச்சான், ஓடலாமா, கூடாதா?"

நான் டாக்டர் இல்லை. ஆனால் கலோரி என்பது நமக்கு அந்நியமான சொல் அல்ல. ஒரு கிலோ தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி செல்சியஸ் ஏற்றத் தேவைப்படும் வெப்பத்தைத்தான் சாப்பாட்டுக் கணக்கில் கலோரி என்கிறார்கள். சரியாகச் சொன்னால் அது கிலோ கலோரி. எரிபொருளின் வெப்ப மதிப்பைக் கண்டுபிடிக்கிற அதே பாடம்தான். நிலக்கரிக்குப் போடும் கணக்கைக் கோழிக்கறிக்கும் போடலாம்.

என் தோழனின் எடை, உயரம், வயதை வைத்துக் கணக்குப் போட்டால், அவன் கட்டிலில் அசையாமல் படுத்திருந்தாலே நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,900 கலோரி செலவாகும். இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் ராப்பகலாக ஓடுவதற்கான செலவு அது. வகுப்பு, ஒர்க்‌ஷாப், மாடிப்படி எல்லாம் சேர்த்தால் 2,500 ஆகிவிடும். வாட் கணக்கில் சொன்னால், மனிதன் சுமார் 120 வாட் எந்திரம். பழைய 100 வாட் குண்டு பல்பை விடக் கொஞ்சம் அதிகம். 500 கலோரி எத்தனை வாட் தெரியுமா? 24. ஒரு டியூப் லைட் எரியவே பழைய கணக்கில் 40 வாட் வேண்டும். டியூப் லைட்டுக்கே பத்தாததைக் கொடுத்துவிட்டு ஒரு முழு மனிதனை ஓடச் சொல்வது எப்படி?

பாக்கி 2,000 கலோரி எங்கிருந்து வரும்? உடம்பில் இருப்பிலிருந்துதான் வர வேண்டும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஆக நாளுக்கு 2,000 பற்றாக்குறை என்றால், கால் கிலோவுக்குச் சற்று மேல் குறையும். இதில் ஊசிக்கு வேலை எங்கே இருக்கிறது? கணக்கில் அதற்கு இடமே இல்லை. பட்டினியே அத்தனையும் செய்துவிடுகிறது. பேரை மட்டும் ஊசி வாங்கிக்கொள்கிறது.

முதல் ஆறு நாளில் அவன் 4 கிலோ குறைந்தான். விடுதியே வாயைப் பிளந்தது. இன்னும் நாலு பேர் பணம் புரட்டக் கிளம்பிவிட்டார்கள். என் கணக்குப்படி கொழுப்பு ஒன்றரை கிலோதான் கரைந்திருக்க வேண்டும். மீதி இரண்டரை கிலோ எங்கே போனது? படித்துப் பார்த்தபோது புரிந்தது. நம் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து சுமார் அரைக் கிலோ சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினி கிடந்தால் முதலில் காலியாவது இந்தக் கிடங்குதான். தண்ணீரும் கூடவே வெளியேறிவிடும். அதுவே 2 கிலோ. வயிறும் குடலும் காலியானதில் மிச்சம். தராசு பொய் சொல்லவில்லை. அது கொழுப்பையும் தண்ணீரையும் பிரித்துச் சொல்லாது, அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட உடம்பு முதலில் கை வைப்பது இதே கிளைகோஜனில்தான். கொழுப்பு மெதுவாக எரியும் விறகு. வேகமாக ஓடுவதற்கு அது ஈடு கொடுக்காது. ஆகவே அந்தச் சீட்டு அவன் எந்தப் பரீட்சைக்குத் தயாராகிறானோ, அந்தப் பரீட்சையின் பேனாவையே பிடுங்கிக்கொண்டது.

ஏழாவது நாள் லேத் முன்னால் நின்றுகொண்டிருந்தான். வேலைப்பொருள் சுற்றிக்கொண்டிருக்கிறது, கை நடுங்குகிறது, கண் இருட்டுகிறது. ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ஐயா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ஓடி வந்து மெஷினை நிறுத்தினார். "என்னப்பா, சாப்பிடலையா?" என்று கேட்டு ஸ்டூலில் உட்காரவைத்தார். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை லேத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கவனியுங்கள், அவன் ஓடவில்லை, குதிக்கவில்லை. சீட்டில் சொன்னபடியே எந்தப் பயிற்சியும் செய்யவில்லை. நின்றதற்கே இந்தக் கதி.

எனக்கு விஷயம் பிடிபட்டது அங்கேதான். பயிற்சி செய்யாதே என்று சொல்கிற உணவுமுறை, உண்மையில் வேலை செய்யாதே என்றுதான் சொல்கிறது. அதை வெளியே சொன்னால் யாரும் பணம் கட்ட மாட்டார்கள். லேத்தில் நிற்கிறவன், மூட்டை தூக்குகிறவன், நாள் முழுக்கத் தையல் மிஷின் மிதிக்கிற அம்மா – இவர்களுடைய வாழ்க்கையே உடற்பயிற்சிதான். இவர்களில் யாருக்கு அந்தச் சீட்டு பொருந்தும்?

இந்த ஊசியின் கதையையும் தேடிப் படித்தேன். பெயர் ஹெச்.சி.ஜி., விரித்துச் சொன்னால் ஹியூமன் கோரியானிக் கொனடோட்ரோபின். கர்ப்பிணிகளின் நச்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன். கர்ப்பமா என்று சிறுநீரில் பார்க்கும் பட்டையில் கோடு விழுவது இதனால்தான். இதை அறையில் உரக்கப் படித்தபோது எழுந்த சிரிப்பைச் சொல்லி முடியாது. தோழன் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. குழந்தைப்பேறு சிகிச்சையில் இதற்கு உண்மையான பயன் உண்டு. இளைப்பதற்கு இதைக் கொண்டுவந்தவர் ஏ.டி.டபிள்யூ. சிமியன்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவருக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1930களிலும் 40களிலும் இந்தியாவில் பணிபுரிந்தவர் அவர். ஹார்மோன் கோளாறால் பருத்திருந்த சிறுவர்களுக்கு இந்த ஊசியைப் போட்டபோது பசி தணிந்து உடலமைப்பு மாறுவதாக அவருக்குத் தோன்றியது. பிறகு ரோம் நகரத்துக்குப் போய், தினமும் 125 யூனிட் ஊசியும் 500 கலோரி சாப்பாடும் என்று ஒரு முறையை வகுத்தார். 1954இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார். என் தோழன் கையில் இருந்த சீட்டு, கோழிக்கறியிலிருந்து ஆப்பிள் வரை, அந்த ரோமாபுரிச் சீட்டின் பேரப்பிள்ளைதான்.

ஊசிதான் வேலை செய்கிறதா, பட்டினிதான் வேலை செய்கிறதா? இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பாதிப் பேருக்கு ஹார்மோன் ஊசியும் பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டு, எது யாருக்கு என்பதை ஊசி போடுகிறவருக்கும் போட்டுக்கொள்கிறவருக்கும் சொல்லாமல் வைப்பது. 1976இல் அமெரிக்காவில் 51 பெண்களைக் கொண்டு அப்படியே செய்தார்கள். இரு சாராருக்கும் 500 கலோரி சாப்பாடு. 32 நாள் கழித்துப் பார்த்தால் இரு சாராரும் ஒரே மாதிரி இளைத்திருந்தார்கள். பசியிலும் வித்தியாசம் இல்லை. 1995இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதுவரை வந்த 24 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, உடல் பருமனுக்கு இந்த ஹார்மோன் பயன்படும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இது எடைக் குறைப்புக்குப் பயன்படும் என்று நிரூபிக்கப்படவில்லை என மருந்தின் மேலேயே அச்சிட வேண்டும் என்று 1970களிலேயே கட்டாயமாக்கியது. 2011இல் இதைச் சொட்டு மருந்தாக விற்ற ஏழு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பித்தப்பைக் கல், உடம்பில் உப்புச்சத்துகள் நிலைகுலைதல், இதயத்துடிப்புக் கோளாறு ஆகியவை வரலாம் என்றும் எச்சரித்தது. நம் கல்லூரி ஓட்டக்காரர்களுக்கு இன்னொரு செய்தி: விளையாட்டில் ஆண்களுக்கு இது தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலில் இருக்கிறது.

"சரி, ஊசியை விடு. 500 கலோரியும் சாப்பிட்டுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடினா என்ன?" என்றான் தோழன். விட்டுக்கொடுக்காத ஆள். இதற்கும் உலகத்தில் ஒரு பதில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944–45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற பேராசிரியர் 36 இளைஞர்களைப் பட்டினி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். போரில் துப்பாக்கி ஏந்த மனச்சாட்சி இடம் கொடுக்காமல், இந்தப் பணிக்குத் தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். நல்ல திடகாத்திரமானவர்கள். 24 வாரம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போயிற்று. கூடவே தெம்பு போயிற்று, சிரிப்பு போயிற்று. எப்போதும் குளிர், எரிச்சல், சோர்வு. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்களாம். 1,570க்கே இப்படி. 500 என்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

நம் கணக்கிலும் பார்க்கலாம். ஒரு கிலோமீட்டர் ஓட, உடம்பின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 92 கிலோ ஆள் 3 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 275 கலோரி. அன்றைய சாப்பாட்டில் பாதிக்கு மேல் மைதானத்திலேயே போய்விடும். டீசல் தீர்ந்தால் எஞ்சின் நின்றுவிடும். அது கண்ணியமான எந்திரம். உடம்பு அப்படி நிற்காது. தன் பாகங்களையே கழற்றிப் போட்டு எரிக்கும். கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கும். கயிறு ஏறுகிற கையும், தாண்டுகிற தொடையும் தசைதானே? காவலர் தேர்வில் ஆண்களுக்கு அளவெடுக்கும்போது பார்ப்பது உயரத்தையும் மார்பளவையும்தான். தசையைத் தொலைத்து எடை குறைந்தவனுக்கு அங்கே என்ன லாபம்?

லேத் சம்பவத்துக்கு மறுநாள் அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம். டாக்டர் அம்மா சீட்டை வாங்கிப் பார்த்தார், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ஓடலாமா கூடாதான்னு கேக்குறீங்களே தம்பி, முதல்ல சாப்பிடலாமா கூடாதான்னு கேளுங்க" என்றார். இ.சி.ஜி., ரத்தச் சோதனை எல்லாம் எடுக்கச் சொன்னார். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் இல்லை. 800 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட வைக்கிற சிகிச்சை மருத்துவத்தில் உண்டுதான், ஆனால் அது தொடர்ந்து சோதனை செய்துகொண்டே, தேவையான நோயாளிக்கு மட்டும் கொடுப்பது என்று விளக்கினார். "உங்களுக்கு அது வேண்டாம். சோத்தைப் பாதியாக்குங்க, பொரியலையும் கூட்டையும் ரெண்டு மடங்காக்குங்க. தினம் முட்டை, சுண்டல் சேர்த்துக்கோங்க. ராத்திரி பரோட்டாவை விட்டுடுங்க. நடங்க, அப்புறம் ஓடுங்க. பசியோட ஓடாதீங்க." பேசியது நாலு நிமிடம். கட்டணம் எதுவும் இல்லை.

எடைக் குறைப்பு நிலையத்தில் மீதிப் பணத்தைக் கேட்டோம். ‘பாதியில் நிறுத்தினால் பணம் திரும்பத் தரப்பட மாட்டாது’ என்று ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருந்ததைக் காட்டினார்கள். கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஹார்மோன் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. குடலில் இயற்கையாகச் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைப் போலச் செயல்பட்டுப் பசியைக் குறைக்கும் மருந்துகள் இப்போது இருக்கின்றன. பெரிய ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டவை. இந்தியாவிலும் மவுஞ்சாரோ, வெகோவி என்ற ஊசிகள் 2025இல் விற்பனைக்கு வந்தன. டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக் கூடாதவை. இந்த வகை மருந்தோடும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கில் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில் 195 பேரை, 8 வாரம் 800 கலோரிச் சாப்பாட்டில் சராசரியாக 13 கிலோ இளைக்க வைத்தபின் நான்கு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு லிராகுளுடைட் என்ற மருந்து, ஓர் அணிக்கு உடற்பயிற்சி, ஓர் அணிக்கு இரண்டும், ஓர் அணிக்கு இரண்டும் இல்லை. ஓராண்டு முடிவில் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களே முதலிடம். மருந்து மட்டும் அல்லது பயிற்சி மட்டும் என்று இருந்தவர்களைவிட இவர்களுக்கு உடம்பின் கொழுப்பு விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு குறைந்திருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி இன்னோர் ஆண்டு கழித்துப் பார்த்தபோதும், மருந்தை மட்டும் நம்பியிருந்தவர்களைவிட, மருந்தோடு பயிற்சியும் செய்தவர்களே எடையை நன்றாகக் காப்பாற்றியிருந்தார்கள். உண்மையாகவே வேலை செய்கிற ஹார்மோன் மருந்துகூட உடற்பயிற்சியோடு சண்டை போடவில்லை என்பதுதான் இதில் நமக்குப் பாடம். சண்டை போடுவது பட்டினிதான்.

வள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வைத்து, அதில் ஆறு குறளைச் சாப்பாட்டு அளவுக்கே ஒதுக்கியிருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு அது விளங்கவில்லை. இப்போது மெஸ் தட்டைப் பார்த்தால் விளங்குகிறது.

என் தோழன் இப்போது மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறான். மெஸ் மாஸ்டர் அண்ணன் அவனுக்கென்று தனியாகச் சுண்டல் எடுத்து வைக்கிறார். முதல் மாதம் நடை மட்டும். இரண்டாம் மாதம் ஒரு சுற்று ஓட்டம், ஒரு சுற்று நடை. கூடவே தண்டால், புல்-அப்ஸ். நான்கு மாதத்தில் 92, 85 ஆகியிருக்கிறது. நிலையத்தார் 40 நாளில் தருவதாகச் சொன்னதில் பாதிகூட இல்லை. ஆனால் இந்த நான்கு மாதத்தில் ஒருநாள்கூட லேத் முன்னால் அவன் கை நடுங்கவில்லை. அரியர் எதுவும் விழவில்லை. முதல்முறையாகக் கயிற்றில் பாதி தூரம் ஏறிவிட்டு, மேலேயிருந்து என்னைப் பார்த்துக் கத்தினான். என்ன கத்தினான் என்பது மலரில் அச்சிடத் தக்கதல்ல.

ஆகவே தம்பி, தங்கைகளே, யாராவது உங்களிடம் ஒரு சாப்பாட்டுச் சீட்டை நீட்டினால், எத்தனை கிலோ குறையும் என்று முதலில் கேட்காதீர்கள். இதைச் சாப்பிட்டுக்கொண்டு என் வேலையை நான் செய்ய முடியுமா, ஓட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால் அந்தச் சீட்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 112 விநாடி. இந்தக் கட்டுரையை முடிக்கும் நாளில் அவனுடைய நேரம் 7 நிமிடம் 18 விநாடி. இன்னும் 18 விநாடி பாக்கி இருக்கிறது. நாளைக் காலை ஐந்தரைக்கு, இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஓடுகிறான். ஸ்டாப் வாட்ச் என் கையில்தான் இருக்கும்.